லைசென்ஸ் செல்போனுக்குள் வந்துவிட்டது. டிரைவரின் கவலை தீர்ந்ததா?

நீங்கள் வயலுக்குப் போடும் யூரியாவுக்கும் வட சென்னை லாரி ஓட்டுநரின் லைசென்ஸுக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். மணலியில் இருக்கும் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் ஆலையிலிருந்து யூரியா வருகிறது. எண்ணூரில் கோரமண்டல் ஆலை காம்ப்ளக்ஸ் உரம் தயாரிக்கிறது. கிருஷ்ணகிரி மாங்கூழ் சென்னைத் துறைமுகம் வழியாகக் கப்பல் ஏறுகிறது. இந்தச் சரக்கில் பெரும்பகுதியைச் சுமப்பது எண்ணூர் விரைவுச் சாலையிலும், திருவொற்றியூர், மணலி, பொன்னேரி சாலைகளிலும் வரிசை கட்டி நிற்கும் லாரிகளும் டிரெய்லர்களும்தான். அந்த ஓட்டுநர் தாமதமானால் உங்கள் உரமும் தாமதமாகும். உங்கள் விளைபொருளும் காத்திருக்கும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இன்று பல ஊர்களில் விவசாயிகளே சரக்கு வண்டி வைத்திருக்கிறார்கள். குட்டியானையோ, டிராக்டர் டிரெய்லரோ, மினி லாரியோ உங்கள் பெயரில் இருந்தால், அதை ஓட்டுபவரின் உரிமத்துக்கு நீங்களும் பொறுப்பு. அந்த உரிமம் இப்போது காகிதத்தை விட்டுச் செல்போனுக்குள் குடிபோகிறது. இந்த மாற்றத்தை முதலில் சந்திப்பவர்கள் துறைமுகப் பகுதி ஓட்டுநர்கள். அவர்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதில் நமக்கும் பாடம் இருக்கிறது.

சட்டம் எங்கே நிற்கிறது?

ஓட்டுநர் உரிமங்கள் அனைத்தும் ‘சாரதி’ என்ற மத்திய கணினித் தொகுப்பிலும், வண்டிப் பதிவுகள் ‘வாகன்’ என்ற தொகுப்பிலும் பதிவாகின்றன. அந்தத் தொகுப்பிலிருந்து டிஜிலாக்கர், எம்-பரிவாகன் ஆகிய செயலிகள் வழியாக உரிமத்தைச் செல்போனில் எடுத்துக்கொள்ளலாம். இதை அசல் உரிமத்துக்குச் சமமாக ஏற்க வேண்டும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2018 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு எழுதியது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 139-வது விதி திருத்தப்பட்டது. ஆவணங்களைக் காகிதமாகவோ மின்னணு வடிவிலோ காட்டலாம் என்பது அப்போதே சட்டமாகிவிட்டது.

2020 அக்டோபர் 1 முதல் இன்னொரு படி. மின்னணு வழியில் சரிபார்க்கப்பட்டுச் செல்லும் என்று தெரிந்த ஆவணத்தைக் காகிதமாகவும் காட்டச் சொல்லிக் கேட்கக் கூடாது. எந்த அதிகாரி, எந்த நேரத்தில் ஆவணத்தைப் பரிசோதித்தார் என்பது இணையதளத்தில் பதிவாக வேண்டும். ஒரே வண்டியை ஒரே நாளில் வழி நெடுக நிறுத்திப் பரிசோதிப்பதைக் குறைப்பதே இதன் நோக்கம்.

ஏட்டில் இது ஓட்டுநருக்கு முழுக்கச் சாதகம். ஆனாலும் பழைய அட்டையை உறையில் போட்டு, ஜெராக்ஸ் நான்கு எடுத்து, வண்டியின் பெட்டியில் வைத்துக்கொள்ளும் பழக்கம் போகவில்லை. படிப்பு குறைவு, புதுமைக்குப் பயம் என்று இதற்குக் காரணம் சொல்லிவிடுவது எளிது. அது சரியான விளக்கம் இல்லை. கூகுள் மேப் பார்த்து வழி பிடிப்பவர், ஜி-பே மூலம் வீட்டுக்குப் பணம் அனுப்புபவர், லோடு விவரத்தை வாட்ஸ்அப்பில் வாங்குபவர் அதே ஓட்டுநர்தான். அவர் தயங்குவதற்கு அனுபவம் சார்ந்த காரணங்கள் உண்டு.

2017-ல் நடந்தது

தமிழகத்தில் வண்டி ஓட்டுவோர் அனைவரும் அசல் உரிமத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று 2017 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. அதிவேகம், குடிபோதை, அதிக பாரம், செல்போன் பேசியபடி ஓட்டுவது போன்ற குற்றங்களுக்கு உரிமத்தைத் தற்காலிகமாக ரத்து செய்ய வேண்டும் என உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு வலியுறுத்தியிருந்தது. ரத்து செய்ய வேண்டுமானால் அசல் கையில் இருக்க வேண்டும் என்பது அரசின் வாதம். லாரி உரிமையாளர் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சில நாள் தள்ளிப்போய், செப்டம்பர் 6 முதல் உத்தரவு நடைமுறைக்கு வந்தது.

ஓட்டுநர்களின் அச்சம் புரிந்துகொள்ளக் கூடியது. அசல் தொலைந்தால் காவல் நிலையம், ஆர்.டி.ஓ. அலுவலகம் என்று பல நாள் அலைச்சல். அத்தனை நாளும் வேலை இல்லை, பேட்டா இல்லை. வழியில் யாராவது அட்டையை வாங்கி வைத்துக்கொண்டால், வெளியூர் ஓட்டுநர் அதைத் திரும்ப வாங்க மறுபடி அந்த ஊருக்குப் போக வேண்டும். அப்படிப் பறிமுதல் செய்யும்போது தற்காலிக ஒப்புகைச் சீட்டு தர வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 206-வது பிரிவு சொல்கிறது. சட்டம் தெரிந்து அந்தச் சீட்டைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு.

‘அசல் இல்லாவிட்டால் குற்றம்’ என்று 2017-ல் கேட்ட அதே காதில், ஒரே வருடத்தில் ‘அசல் தேவையில்லை, போன் போதும்’ என்ற செய்தி விழுந்தது. இரண்டில் எதை நம்புவது? சாலையில் நிற்பவர் நம்பியது தன் சட்டைப் பையில் இருந்த அட்டையைத்தான்.

வரிசையில் நிற்பவரின் கணக்கு

சென்னைத் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் கொண்டுபோகும் டிரெய்லர்கள் ராயபுரம் பக்கத்து வாசலில் நுழைவதற்காக எண்ணூர் விரைவுச் சாலையில் பல மணி நேரம் காத்திருப்பது பழைய கதை. நெரிசல் முற்றிய காலங்களில் வரிசை எர்ணாவூர் வரை நீண்டதுண்டு. காத்திருப்பு நாள்கணக்கில் போனதும் உண்டு. அந்த வரிசையில் இருக்கும் ஓட்டுநருக்குக் கழிப்பறையே கவலை. போனுக்குச் சார்ஜ் போட இடம் தேடுவது அடுத்த கவலை.

இப்போது யோசித்துப் பாருங்கள். உரிமம், ஆர்.சி., இன்சூரன்ஸ், பெர்மிட், எஃப்.சி., புகைச் சான்று, உரம் போன்ற சரக்கு என்றால் மின்னணு வழிச்சீட்டு என எல்லாமே ஒரே போனுக்குள். அதே போனில்தான் வழி பார்க்க வேண்டும், முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டும், ஓ.டி.பி. வாங்க வேண்டும். சார்ஜ் இறங்கினால், கண்ணாடி உடைந்தால், இரவில் தூங்கும்போது யாராவது எடுத்துக்கொண்டு போய்விட்டால் மொத்த ஆவணமும் போனது போலத்தான். பத்து ஆவணத்தைப் பத்து இடத்தில் வைத்திருந்தவருக்கு இது வசதியாகவும் தெரியும், ஆபத்தாகவும் தெரியும்.

செல்போன் எண் இன்னொரு முடிச்சு. டிஜிலாக்கர் திறக்க ஆதாரோடு இணைந்த எண் வேண்டும். மலிவான ரீசார்ஜ் பார்த்துச் சிம்மை மாற்றுவது ஓட்டுநர்களிடம் சாதாரணம். பழைய எண் கைவிட்டுப் போனதும் ஓ.டி.பி. வராது, உரிமம் தொகுப்பில் பத்திரமாக இருக்கும், அவரால்தான் எடுக்க முடியாது. கையெழுத்தில் எழுதிக் கொடுத்த பழைய புத்தக உரிமம் வைத்திருக்கும் மூத்த ஓட்டுநர்களுக்கோ, அது சாரதித் தொகுப்பில் ஏற்றப்பட்டிருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

அட்டை யார் கையில்?

மின்னணு உரிமத்தை விரும்பும் ஓட்டுநர்களும் இருக்கிறார்கள். அவர்களின் காரணத்தை நாம் கவனிக்க வேண்டும். முன்பணம் கொடுத்த சில வண்டி உரிமையாளர்கள் ஓட்டுநரின் அசல் உரிமத்தை வாங்கிப் பூட்டி வைப்பதுண்டு. பாக்கி தீரும்வரை அவர் வேறு வண்டி ஏற முடியாது. சம்பளத் தகராறு வந்தால் அட்டையே பிணையாகிவிடும். உரிமம் டிஜிலாக்கரில் இருந்தால் அந்தப் பிடி தளர்கிறது. அட்டை யார் பெட்டியில் இருந்தாலும் ஓட்டுநர் தன் போனைக் காட்டி வேலைக்குப் போகலாம்.

அதே நேரத்தில், மின்னணுப் பதிவுக்கு இன்னொரு முகமும் உண்டு. முன்பு உரிமத்தைப் பறிமுதல் செய்தால் அட்டை கையை விட்டுப் போவது கண்ணுக்குத் தெரியும். இப்போது அட்டையைத் தொடாமலேயே தொகுப்பில் பதிவு செய்துவிடலாம். குறுஞ்செய்தி பழைய எண்ணுக்குப் போயிருந்தால், புதுப்பிக்கப் போகும் நாளில்தான் ஓட்டுநருக்கு விஷயம் தெரியும்.

ஃபாஸ்டேக் அனுபவத்தையும் ஈ-சலான் அனுபவத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த இரட்டை மனநிலை விளங்கும். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானபோது முணுமுணுப்பு இருந்தது. சுங்கச்சாவடியில் நேரம் மிச்சமானது, சில்லறைத் தகராறு ஒழிந்தது, ஓட்டுநர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஈ-சலான் கதை வேறு. வண்டியை நிறுத்தாமலே படம் எடுத்து அனுப்பும் அபராதம் உரிமையாளரின் எண்ணுக்குப் போகிறது. மாதக் கடைசியில் சம்பளத்தில் பிடித்தம் நடக்கும்போது, எந்த ஊரில், எந்தத் தவறுக்கு என்று ஓட்டுநருக்கு நினைவும் இருக்காது. ஆன்லைன் அபராதத்துக்கு எதிராக லாரி உரிமையாளர் சங்கங்கள் தொடர்ந்து குரல் கொடுப்பதற்கு இதுவே பின்னணி. கருவி நேரத்தை மிச்சப்படுத்தினால் வரவேற்பு. விளக்கம் கேட்க வழியில்லாமல் கூலியைக் குறைத்தால் எதிர்ப்பு. விவசாயிக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. புதிய இயந்திரம் வரும்போது நாமும் இதே கேள்வியைத்தான் கேட்கிறோம்.

வெளிநாட்டிலும் இப்படித்தான். அமெரிக்காவில் 2017 டிசம்பரில், லாரி ஓட்டும் நேரத்தைப் பதிவு செய்யும் மின்னணுக் கருவி கட்டாயமானபோது ஓட்டுநர்கள் போராடினார்கள். கிடங்கு வாசலில் காத்திருக்கும் நேரமும் அன்றைய வேலை நேரக் கணக்கில் ஓடுகிறது, ஓடிய மைலுக்குத்தான் கூலி என்பது அவர்களின் குறை. ஐரோப்பிய ஒன்றியம் 2025-ல் ஏற்ற புதிய விதிகளில் செல்போன் உரிமம் வருகிறது. ஆனால் அட்டை வேண்டும் என்று கேட்பவருக்கு அட்டை பெறும் உரிமை தொடர்கிறது. நம் 139-வது விதியும் இரண்டையும் ஏற்கிறது. போனும் அட்டையும் சேர்ந்து இருப்பதே இப்போதைக்கு நல்ல ஏற்பாடு.

கவனிக்காமல் விடும் இரண்டு தேதிகள்

உரிமம் எந்த வடிவில் இருந்தாலும், உங்களைப் பாதிக்கும் விஷயம் அதிலுள்ள தேதி. உரிமத்தில் இரண்டு காலாவதித் தேதிகள் இருக்கும். ஒன்று சொந்த உபயோக வண்டிகளுக்கு, ‘என்.டி.’ என்று குறித்திருக்கும். மற்றொன்று சரக்கு, பயணிகள் வண்டிகளுக்கு, ‘டி.ஆர்.’ என்று குறித்திருக்கும். முதல் தேதி பல ஆண்டுகள் தள்ளி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ‘இன்னும் காலம் இருக்கிறது’ என்று பலர் இருந்துவிடுகிறார்கள். லாரி ஓட்டுபவருக்கு இரண்டாவது தேதிதான் கணக்கு.

2019-ம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தில் போக்குவரத்து உரிமத்தின் காலம் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக உயர்ந்தது. ஆனால் காலாவதிக்குப் பிறகு முன்பு இருந்த 30 நாள் சலுகை நீக்கப்பட்டது. இது பலருக்கு இன்னும் தெரியாது. காலாவதிக்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். காலாவதியாகி ஒரு வருடத்துக்கு மேல் போனால் மறுபடி ஓட்டிக் காட்டித் தேர்வாக வேண்டும். அமோனியா, சமையல் எரிவாயு, பெட்ரோலியம் போன்ற அபாயச் சரக்கு ஏற்றும் எண்ணூர், மணலி டேங்கர் ஓட்டுநர்களுக்குத் தனிப் பயிற்சியும் உரிமத்தில் தனிக் குறிப்பும் வேண்டும். காலம் 3 ஆண்டுதான்.

உரிமம் இல்லாமல் ஓட்டினால் ஓட்டுநருக்கு 5,000 ரூபாய் அபராதம். உரிமம் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் 5,000 ரூபாய். உயர்த்தப்பட்ட இந்த அபராதங்கள் தமிழகத்தில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. அபராதத்தைக் கட்டிவிடலாம், விபத்து நடந்தால்தான் பெரிய அடி. காலாவதியான உரிமத்தோடு ஓட்டியிருந்தால் வண்டிச் சேதத்துக்கான இன்சூரன்ஸ் மறுக்கப்படலாம். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீட்டை முதலில் நிறுவனம் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கலாம் என்று தீர்ப்பாயம் உத்தரவிடுவது வழக்கம். ஒரு தேதியைக் கவனிக்காததற்கு நிலத்தை விற்கும் நிலை வரலாம்.

குட்டியானை, டிராக்டர் வைத்திருப்போருக்கு

ஒரு நல்ல செய்தி. இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டியை ஓட்டத் தனியாகப் போக்குவரத்து உரிமம் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று உறுதி செய்தது. 2017-ல் வந்த தீர்ப்பின் மீது எழுந்த குழப்பம் இதோடு முடிந்தது. காய்கறி ஏற்றும் சிறு சரக்கு வண்டி ஓட்டுபவரிடம் ‘டி.ஆர்.’ இல்லை என்ற ஒரே காரணத்துக்காக இன்சூரன்ஸை மறுக்க முடியாது. ஆனால் இந்தச் சலுகை பெரிய லாரிக்குப் பொருந்தாது. இலகுரக உரிமம் காலாவதியாகியிருந்தாலும் பொருந்தாது.

நீங்கள் செய்யக் கூடியவை

உங்கள் வண்டியை ஓட்டுபவரின் உரிமத்தை அவர் போனில் டிஜிலாக்கரையோ எம்-பரிவாகனையோ திறந்து காட்டச் சொல்லுங்கள். அட்டையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் வைத்திருப்பது மின்னணு உரிமம் ஆகாது. டிஜிலாக்கரிலும் ‘வழங்கப்பட்ட ஆவணங்கள்’ பகுதியில் இருப்பதுதான் செல்லும். நாமே படம் எடுத்து ஏற்றி வைத்தது செல்லாது.

இரண்டு காலாவதித் தேதிகளையும் வண்டியின் எஃப்.சி., இன்சூரன்ஸ் தேதிகளோடு சேர்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். போக்குவரத்து உரிமத்தைப் புதுப்பிக்க மருத்துவச் சான்று வேண்டும். ஆகவே அறுவடை நேரத்தில் தேதி வருமானால் முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.

ஆதாரிலும் உரிமத்திலும் இப்போது பயன்படுத்தும் செல்போன் எண் இருக்கிறதா என்று பாருங்கள். முகவரியும் சரியாக இருக்க வேண்டும். தமிழகத்தில் 2024 பிப்ரவரி 28 முதல் உரிமமும் ஆர்.சி.யும் விரைவு அஞ்சலில்தான் அனுப்பப்படுகின்றன. மணலியில் வேலை பார்ப்பவரின் அட்டை, பத்து வருடம் முன்பு காலி செய்த வாடகை வீட்டுக்குப் போய்த் திரும்பினால் அலைச்சல்தான்.

ஓட்டுநரின் அசல் உரிமத்தை முன்பணத்துக்காக வாங்கி வைக்காதீர்கள். அது அவருடைய பிழைப்பு. அட்டை இல்லாமல் அவர் சாலையில் மாட்டினால் நிற்கப் போவது உங்கள் வண்டி, கெடப் போவது உங்கள் தக்காளி.

‘உங்கள் வண்டிக்கு அபராதம்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வந்தால் தொடாதீர்கள். எம்-பரிவாகன் பெயரில் போலிச் செயலி (‘ஏ.பி.கே.’ கோப்பு) அனுப்பி வங்கிப் பணத்தைச் சுருட்டும் மோசடி நாடு முழுக்க நடக்கிறது. அபராதம் இருக்கிறதா என்பதைப் பரிவாகன் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

வேளாண் விரிவாக்கப் பணியாளர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனக் கூட்டங்களில் விதை, உரம் பற்றிப் பேசும்போது, வண்டி வைத்திருப்போருக்கு அரை மணி நேரம் இதற்கு ஒதுக்கலாம். பொதுச் சேவை மையம் நடத்தும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களில் டிஜிலாக்கர் கணக்கு தொடங்கவும், விண்ணப்பம் போடவும் உதவலாம்.

அரசும் துறைமுகங்களும் செய்ய வேண்டியது

காகிதம் வேண்டாம் என்று விதி எழுதியதோடு வேலை முடியவில்லை. லாரிகள் காத்திருக்கும் இடங்களில் கழிப்பறையோடு சார்ஜ் போடும் வசதியும், செல்போன் எண் திருத்த உதவும் மையமும் வேண்டும். உரிமத்தின் மீது ஏதேனும் நடவடிக்கை பதிவானால் ஓட்டுநருக்குத் தமிழில் குறுஞ்செய்தி வர வேண்டும். எங்கே முறையிடுவது என்பதும் அதில் இருக்க வேண்டும். போன் சார்ஜ் தீர்ந்தவரின் உரிமத்தை, எண்ணைச் சொன்னதும் அதிகாரி தன் கருவியிலேயே பார்த்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. அதை எல்லாச் சோதனைச் சாவடியிலும் பழக்கமாக்க வேண்டும்.

ஆவணத்தைப் பரிசோதித்த அதிகாரியும் நேரமும் பதிவாக வேண்டும் என்ற 2020 விதியை முழுமையாக நடைமுறைப்படுத்தினால், ஓட்டுநர்களின் நம்பிக்கை தானாக வளரும். ஒரு முறை காட்டிய உரிமத்தை அடுத்த பத்துக் கிலோமீட்டரில் மறுபடி கேட்க மாட்டார்கள் என்று தெரிந்த நாளில், போனைக் காட்ட யாரும் தயங்க மாட்டார்கள். அதுவரை, உங்கள் வண்டி ஓட்டுநர் போனில் உரிமத்தைத் திறந்து காட்டக் கற்றுக்கொள்ளட்டும். அட்டையையும் தன்னிடமே பத்திரமாக வைத்திருக்கட்டும். அடுத்த லோடு ஏற்றும் முன் ‘டி.ஆர்.’ தேதியை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.